கம்பித் துளைக்குக்கூடச் சத்தியம் கேட்டவர்கள் நீங்கள்

இங்கிலாந்து, வேல்ஸ் நீதி அமைச்சின் பொறுப்பில் உள்ளவர்களுக்கு,

கடந்த டிசம்பர் மாதம், 2023 முடியும் தறுவாயில் நீங்கள் வெளியிட்ட ஆலோசனை அறிக்கையை நான்கு தடவை படித்துவிட்டேன். 1858 முதல் உங்கள் காவலில் சேர்ந்திருக்கும் உயில்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிவிட்டு, மூலத்தாள்களை அழித்துவிடலாம் என்கிறீர்கள். மூலத்தை 25 ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்கிறீர்கள். புகழ்பெற்றவர்களின் உயில்களுக்கு மட்டும் விலக்கு. இளவரசி டயானாவின் உயிலை உதாரணமாகக் காட்டுகிறீர்கள். சேமிப்புக்கு ஆண்டுதோறும் 45 இலட்சம் பவுண் செலவாகிறது என்பது உங்கள் காரணம். கருத்துச் சொல்ல பெப்ரவரி 23ஆம் திகதி வரை அவகாசம்.

உங்கள் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டேன். சொல்லவேண்டியது அதற்குள் அடங்கவில்லை. தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்த லண்டன் நகரத்தில் கடை நடத்தி, வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, உயில் எழுதிவைத்துவிட்டுக் கண்மூடிய எம்மவர்களின் தாள்களும் உங்கள் கிடங்கில் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை உறையிலிட்டு அனுப்பியது என் கை. அந்தப் பிள்ளைகளுக்கும் இது தெரியவேண்டும்.

நான் லண்டனில் ஒரு சிறிய சட்டத்தரணி அலுவலகத்தில் இலிகிதர். இறந்தவர்களின் உயில்களை மெய்ப்பித்துப் புரோபேட், அதாவது உயில் செல்லும் என்ற நீதிமன்ற அத்தாட்சி, பெறும் வேலை பதினேழு ஆண்டுகளாக என் மேசையில் நடக்கிறது. சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு பிழை செய்தேன். நான்கு பக்க உயில். இடது மேல் மூலையில் ஒரு ஸ்டேப்பிள் கம்பி. நிழற்பிரதி எடுக்க இடைஞ்சலாக இருந்ததால் கம்பியைக் கழற்றினேன். பிரதி எடுத்த பிறகு, பழைய துளைகளுக்குச் சற்றுத் தள்ளிப் புதுக் கம்பி அடித்து அனுப்பிவிட்டேன். சில வாரங்களில் உங்கள் புரோபேட் பதிவகத்திலிருந்து கடிதம் வந்தது. மூலையில் இரண்டு சோடித் துளைகள் காணப்படுகின்றன. வேறு ஏதேனும் தாள் இதனோடு சேர்ந்திருந்து பின்னர் பிரிக்கப்பட்டதா? கையாண்டவர் விளக்கம் தரவேண்டும்.

எங்கள் அலுவலகத்தின் மூத்த சட்டத்தரணி கோபிக்கவில்லை. அந்தத் தாளைத் திருப்பி வாங்கி, மேசை விளக்கைத் தாழ்த்தி, பூதக்கண்ணாடியை என் கையில் தந்தார். ஒரு சோடித் துளையைச் சுற்றித் துருவின் மஞ்சள் படிந்திருந்தது. மற்றச் சோடி வெள்ளையாக இருந்தது. தாளின் நார்கள் பின்பக்கம் பிசிறாக நீட்டிக்கொண்டிருந்தன. எது பழையது, எது நேற்று அடித்தது என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நான் சத்தியக் கடதாசியில் கையெழுத்திட்டேன். கம்பியைக் கழற்றியவர் நான், காரணம் இது, வேறு எந்தத் தாளும் இதனோடு இருக்கவில்லை.

இன்றும் அதே விதிதான். கம்பியைக் கழற்றாதீர்கள், கிளிப் மாட்டாதீர்கள், தடம் விழுந்திருந்தால் விளக்கம் கேட்போம் என்கிறீர்கள். நல்ல விதி. அதைப் பின்பற்றித்தான் நான் வேலை செய்கிறேன். பிற்சேர்க்கை ஒன்று உருவப்பட்டால், பக்கம் ஒன்று மாற்றப்பட்டால், அதைக் காட்டிக்கொடுப்பது எழுத்தைவிடத் தாள்தான் என்று எனக்குக் கற்றுத்தந்தவர்கள் நீங்கள். கம்பித் துளைக்கே சத்தியம் கேட்ட நீங்கள், துளை, தாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரு படத்தை வைத்துக்கொள்ளலாம் என்று எப்படி முடிவுக்கு வந்தீர்கள்?

இந்தத் தாள்கள் உங்களிடம் எப்படி வந்துசேர்ந்தன என்பதை நினைவூட்டவேண்டியிருக்கிறது.

இந்த நாட்டில் பல நூற்றாண்டுகளாக உயிலை மெய்ப்பித்தது திருச்சபையின் நீதிமன்றம். சாகும் நேரத்தில் ஒருவர் தம் அசையும் பொருளை முறையாகப் பிரித்துக்கொடுப்பது ஆன்மாவைச் சேர்ந்த காரியமாகக் கருதப்பட்டது. பாவமன்னிப்புக் கேட்பதும் பொருளைப் பங்கிடுவதும் ஒரே படுக்கையருகில் நடந்தன. அதனால்தான் பழைய உயில்கள் கடவுளின் பெயரால் தொடங்கி, ஆன்மாவை ஒப்படைத்து, உடலை எங்கே புதைப்பது என்று சொல்லி, அதற்குப் பிறகே பானை, படுக்கை, பசுமாடு என்று கணக்குக்கு வருகின்றன. நிலத்தைப் பற்றிய வழக்கு அரசனின் நீதிமன்றத்துக்குரியது, மற்றவை திருச்சபைக்கு. குருமாவட்டத் துணைத்தலைவரின் நீதிமன்றம், ஆயரின் நீதிமன்றம், அதற்கு மேல் பேராயரின் நீதிமன்றம் என்று படிப்படியாக இருந்தன. ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டங்களில் 5 பவுணுக்குக் குறையாத சொத்து இருந்தால் காண்டர்பரி அல்லது யோர்க் பேராயரின் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். இவற்றோடு தனியுரிமை பெற்ற சிறு நீதிமன்றங்களும் சேர்ந்து, உயில் மெய்ப்பிக்கும் இடங்கள் நாடெங்கும் முந்நூறுக்கு மேல் இருந்தன. மன்னராட்சி இல்லாத 1653 முதல் 1660 வரை அந்த அதிகாரம் குடிசார் நீதிபதிகளிடம் இருந்தது. மன்னர் திரும்பியதும் அதுவும் திருச்சபைக்கே திரும்பியது.

அந்த ஏற்பாடு ஏன் கவிழ்ந்தது என்பது உங்களுக்கு முக்கியம். அதிகாரம் யாருக்கு என்ற சண்டை மட்டும் காரணமாக இருக்கவில்லை. உயில்களை வைத்திருந்த விதமும் காரணம். காண்டர்பரி நீதிமன்றத்தின் பதிவாளர் பதவி ஒரு பேராயரின் மகன்களுக்குப் பெருவருமானம் தரும் சொத்தாக இருந்தது. வேலையை வேறு ஆட்கள் பார்த்தார்கள். பேராலயப் பதிவகங்களில் உயில்கள் ஈரத்திலும் தூசியிலும் கிடந்தன. இளவயதில் அந்த நீதிமன்றங்களில் சுருக்கெழுத்துச் செய்தியாளராக இருந்த சார்ல்ஸ் டிக்கன்ஸ், 1850இல் தம் வார இதழில் இந்த அலட்சியத்தை அம்பலப்படுத்தினார். வாங்கிய கட்டணத்துக்கு ஈடாக மக்களின் தாள்களைக் காக்கவில்லை என்பதே குற்றச்சாட்டு. ஏழு ஆண்டுகளில் சட்டம் வந்தது. 1858 ஜனவரி 12ஆம் திகதி முதல் உயில்கள் அரசின் புரோபேட் நீதிமன்றத்துக்கு வரத் தொடங்கின.

திருச்சபையால் காக்க முடியாததை நான் காப்பேன் என்று சொல்லித்தான் அரசு இந்தப் பொறுப்பை வாங்கியது. 1857ஆம் ஆண்டுச் சட்டமே, மூல உயில்களை வைத்துப் பாதுகாக்கவேண்டும், மக்கள் பார்வையிட விடவேண்டும் என்று விதித்தது. 1981ஆம் ஆண்டின் நீதிமன்றச் சட்டம், 124ஆம் பிரிவில், அதையே திரும்பச் சொல்கிறது. ஒப்படைத்துப் பாதுகாக்கப்படும் என்று அங்கே எழுதப்பட்டிருப்பது மூல உயில்களைப் பற்றி. பிரதிகளைப் பற்றி அல்ல.

இடையில் எம்மைச் சேர்ந்த ஒரு சிறு தகவல். சென்னையில் 1726ஆம் ஆண்டு அரச பட்டயம் மேயர் நீதிமன்றத்துக்கே உயில் மெய்ப்பிக்கும் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டது. அங்கே அப்போது ஆங்கிலத் திருச்சபையின் ஆயர் இல்லை. சென்னை மறைமாவட்டம் அமைந்ததே 1835இல்தான். ஆகவே லண்டனில் நடப்பதற்கு 130 ஆண்டுகளுக்கு முன்பே சென்னைப்பட்டினத்தில் குடிசார் நீதிமன்றம் இந்த வேலையைச் செய்யத் தொடங்கியிருந்தது. திருச்சபை இல்லாமலும் உயில்களைக் காக்கலாம் என்பது உங்கள் அரசுக்கு வெகுகாலமாகத் தெரிந்த செய்தி.

இனி உங்கள் முக்கிய வாதத்துக்கு வருகிறேன். ஸ்கேன் செய்த பிரதி மூலத்துக்கு ஈடாகும் என்கிறீர்கள். பிரதி எடுத்துவைப்பது புதிய யோசனை அல்ல. திருச்சபை நீதிமன்றங்களும் மெய்ப்பித்த உயில்களைப் பெரிய பதிவேடுகளில் அழகான கையெழுத்தில் பிரதி செய்துவைத்தன. வில்லியம் ஷேக்ஸ்பியரின் உயிலுக்கும் அப்படி ஒரு பதிவேட்டுப் பிரதி உண்டு. சொற்கள் அதில் வரிசையாக இருக்கின்றன. மூலத்தாள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, மூன்று தாள்கள். மேலே ஜனவரி என்று எழுதியதை அடித்து மார்ச் என்று ஆக்கியிருக்கிறார்கள். மனைவிக்கு இரண்டாந்தரக் கட்டிலைக் கொடுக்கும் அந்தப் பெயர்பெற்ற வரி, இரண்டு வரிகளுக்கு நடுவே பிறகு செருகப்பட்டது. மூன்று தாள்களிலும் அவருடைய கையொப்பம். உலகில் எஞ்சியிருப்பதாக ஏற்கப்பட்ட அவருடைய ஆறு கையொப்பங்களில் மூன்று இவைதான். பதிவேடு இருக்கிறதே என்று அன்றைய குமாஸ்தா ஒருவர் மூலத்தை வீசியிருந்தால், மனைவி கடைசி நேரத்தில் நினைவுக்கு வந்தாரா, வேறு காரணமா என்று நெடுங்காலமாக நடக்கும் விவாதத்துக்கே இடமிருந்திருக்காது. அவர் இறந்தது 1616இல். நாடகங்களைத் திரட்டிய பெருந்தொகுப்பு அச்சானது ஏழு ஆண்டுகள் கழித்து. அந்த உயிலைக் கட்டி வைத்தவர்களுக்கு அது யாருடையது என்பது பொருட்டாக இருந்திருக்கவே தேவையில்லை. எல்லாருடையதையும் வைத்தார்கள், அதனால் அதுவும் தப்பியது.

பிரதியின் குறை எனக்கு நேரிலும் தெரியும். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், எண்பதைத் தாண்டிய ஆங்கிலப் பெண்மணி, தம் பாட்டியின் உயிலைக் கேட்டிருந்தார். 1930களில் எழுதியது. ஒன்றரைப் பவுண் கட்டி எடுத்த பிரதி, பதிவகம் அக்காலத்தில் தட்டச்சுச் செய்து வைத்திருந்த படியின் படம். கையொப்பம் இருந்த இடத்தில் பெயர் தட்டச்சு எழுத்தில் நேராக நின்றது. ஒரு சந்தேகம் இருந்ததால் மூலத்தைப் பார்க்க அனுமதி வாங்கினோம். மூலத்தில் அந்தப் பெயர் மூன்று தரம் தொடங்கப்பட்டிருந்தது. முதல் இரண்டும் பாதியில் நின்றுவிட்டன. மூன்றாவதன் கடைசி எழுத்து கோட்டை விட்டிறங்கித் தாளின் ஓரம் வரை இழுபட்டிருந்தது. சாட்சிகளில் ஒருவர் தாதி என்று குறித்திருந்தார். படுக்கையில் வைத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்பது பார்த்தவுடன் விளங்கியது. அந்தப் பெண்மணி தாளைத் தொடவில்லை. அந்த இழுபட்ட எழுத்துக்கு மேலே, காற்றில், விரலை அதே திசையில் நகர்த்தினார். குடும்பத்தில் யாரும் அவருக்குச் சொல்லாத கதை அது. தட்டச்சுப் படியை எடுத்துவைத்தவர்கள் அக்காலத்தில் அதையே போதுமான பிரதி என்று நம்பியிருப்பார்கள். இன்றைய ஸ்கேனைப் பற்றி நீங்களும் அப்படித்தான் நம்புகிறீர்கள்.

உணர்ச்சிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மருத்துவர் ஹரல்ட் ஷிப்மன் தம் நோயாளியின் பெயரில் 1998இல் போலி உயில் தயாரித்தார். அதிலிருந்துதான் அவருடைய கொலைகள் வெளிவரத் தொடங்கின. அந்தத் தாளில் அவருடைய விரல் ரேகை இருந்தது. ஸ்கேனில் விரல் ரேகை வராது. மையின் வயது வராது. மேலே வைத்து எழுதிய தாளின் அழுத்தம் அடியில் பதிந்திருப்பது வராது. அந்தப் போலி உயிலின் வயது இப்போது 25ஐத் தாண்டிவிட்டது. மோசடிகள் எல்லாம் 25 ஆண்டுக்குள் வெளிவந்துவிடும் என்று யார் உங்களுக்கு உறுதி தந்தார்கள்?

கணினியில் இருப்பது பத்திரமாக இருக்கும் என்கிறீர்கள். இதை எழுதும் நேரத்தில் பிரித்தானிய நூலகத்தைப் பாருங்கள். கடந்த ஒக்டோபர் மாத இறுதியில் நடந்த இணையத் தாக்குதலுக்குப் பிறகு, இரண்டரை மாதம் அதன் நூற்பட்டியலையே இணையத்தில் தேட முடியவில்லை. சென்னை மாகாணத்தில் இறந்த ஆங்கிலேயர்களின் உயில்களும் அங்கே இருக்கின்றன. தாக்கியவர்களால் தாளைத் தொட முடியவில்லை. உங்கள் திட்டத்தின்படி தாளே இல்லை என்றால் அப்போது எதைக் காட்டியிருப்பார்கள்?

தாளும் அழியும் என்பது எனக்குத் தெரியும். 1922 ஜூன் மாதம் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது, திருச்சபையிடமிருந்து வாங்கி வைத்திருந்த அயர்லாந்து உயில்கள் போயின. 1942 மே மாதம் எக்சீட்டர் நகரில் விழுந்த குண்டுகள் டெவன், சமர்செட் மக்களின் பழைய உயில்களில் பெரும்பகுதியை எரித்தன. இரண்டும் போரின் அழிவுகள். அங்கு குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் இன்றும் வழக்கறிஞர் பெட்டிகளிலும் வரிப் பதிவுகளிலும் துண்டு துண்டாகப் பிரதி தேடுகிறார்கள். அதனால் மின்படி எடுங்கள் என்றே நானும் சொல்கிறேன். மூலம் இருக்க, அதன் பக்கத்தில் மின்படி இருக்கட்டும். இரண்டில் ஒன்று போனால் மற்றது மிஞ்சும்.

யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தபோது நான் சிறுபிள்ளை. உள்ளே இருந்த சுவடிகளுக்கு வேறெங்கும் பிரதி உண்டா என்று பெரியவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டது பிறகுதான். 1995 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியை விட்டுப் போரினால் எல்லாரும் மழையில் நடந்தபோது, என் அம்மா ஒரு பிஸ்கட் தகரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். உள்ளே காணி உறுதிகளும், நொத்தாரிசு முன்னிலையில் தாத்தா எழுதிய மரணசாதனம் எனப்படும் உயிலும். பதினைந்து ஆண்டுகள் கழித்து எங்கள் காணிக்கு வேறொருவர் உரிமை கோரினார். அவர் கையில் இருந்தது நிழற்பிரதி. அம்மாவின் தகரத்தில் இருந்தது மூலம். எது நின்றது என்று நான் சொல்லத் தேவையில்லை.

புகழ்பெற்றவர்களின் உயில்களை மட்டும் வைத்துக்கொள்வோம் என்ற வரி என்னை மிகவும் வருத்தியது. புகழை எந்த ஆண்டில் வைத்து அளப்பீர்கள்? கிரிமியப் போரில் படைவீரர்களைப் பராமரித்த மேரி சீக்கோல், உயில் எழுதிவைத்துவிட்டு 1881இல் லண்டனில் இறந்தார். அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இந்த நாடு அவரை மறந்துவிட்டது. 2016இல் தேம்ஸ் கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. 1920இல் ஒரு குழு உட்கார்ந்து பட்டியல் போட்டிருந்தால் அவர் பெயர் அதில் இருந்திருக்குமா? திருச்சபைக் காலத்தில் ஆளின் தகுதிக்கேற்ப நீதிமன்றம் மாறியது. செல்வருக்குப் பேராயர், எளியவருக்கு உள்ளூர்த் துணைத்தலைவர். 1858 அதை ஒழித்தது. பிரபுவின் உயிலும் சலவைக்காரியின் உயிலும் ஒரே நீதிமன்றத்தின் கீழ், ஒரே ஆண்டுப் பட்டியலில், அகரவரிசையில் சேர்ந்தன. நீங்கள் மீண்டும் இரண்டு வரிசை உண்டாக்குகிறீர்கள்.

செலவைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. உங்களிடம் சுமார் 11 கோடி ஆவணங்கள் இருப்பதாகச் சொல்கிறீர்கள். 45 இலட்சம் பவுணை அதால் வகுத்தால், ஆவணம் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4 பென்ஸ். புரோபேட் விண்ணப்பத்துக்கு இந்த 2024 பெப்ரவரியில் நீங்கள் வாங்கும் கட்டணம் 273 பவுண். அது வேறு பல செலவுகளுக்கும் உரியது என்பதை அறிவேன். ஆனாலும் அந்தக் காசோலையை எழுதும் பிள்ளைகளுக்கு, அப்பாவின் தாளை வைத்திருக்க ஆண்டுக்கு 4 பென்ஸ் கட்டுப்படியாகவில்லை என்று நான் எந்த முகத்தோடு சொல்வது?

ஆகவே நான் கேட்பது இவை.

மூல உயில்களை அழிக்கும் திட்டத்தை முழுவதும் கைவிடுங்கள். 25 ஆண்டை 50 என்றும் 100 என்றும் மாற்றி மீண்டும் கொண்டுவர வேண்டாம். 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் 124ஆம் பிரிவில் உள்ள பாதுகாக்கும் கடமையைத் தளர்த்தாதீர்கள். வைத்திருக்கும் இடம் போதவில்லையென்றால், பழைய உயில்களைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் மாவட்டக் காப்பகங்களுக்கும் கொடுங்கள். திருச்சபையின் உயில்களை அவர்கள்தான் இன்று நன்றாகக் காத்துவருகிறார்கள். அதற்கான பணத்தையும் சேர்த்துக் கொடுங்கள். ஸ்கேன் செய்வதைத் தொடருங்கள், ஆனால் மூலத்தை வைத்து, வண்ணத்தில், இரண்டு பக்கமும், ஓரம் வெட்டாமல் செய்யுங்கள். புகழ்பெற்றவர்கள் என்ற வகைப்பாட்டை அறிக்கையிலிருந்தே நீக்குங்கள். வந்த கருத்துகள் அனைத்தையும் வெளியிட்டு, ஒவ்வொரு மறுப்புக்கும் உங்கள் பதிலை எழுதுங்கள்.

நாளை காலை ஒரு முதியவரின் உயிலை உங்களுக்கு அனுப்புகிறேன். மூன்று பக்கம். மூலையில் உள்ள கம்பியை நான் தொடவில்லை. நீங்களும் அந்தத் தாளை அப்படியே வைத்திருங்கள்.

இப்படிக்கு,
உயில்களோடு பதினேழு ஆண்டுகள் பழகிய ஓர் இலிகிதர்
லண்டன், பெப்ரவரி 2024